ஆம்னிக்கு வயசாச்சாம்!

எங்கிட்ட 2003 மாடல் ஆம்னி இருக்கு. பின்சீட்டைக் கழட்டிப் பலகை, மெத்தை போட்டா, வேதாரண்யம் பக்கம் ராத்தங்கலுக்கு வீடு ரெடி. 'காயலான் கடையில போடுடா'ங்குது நம்ம பொட்டி தட்டுற கோஷ்டி.

ஏன் மக்களே? 796 சிசி இஞ்சின் கிண்ணுன்னு ஓடுது. நாகப்பட்டினத்துல வண்டியைத் தின்றது வயசு இல்லை, உப்புக்காத்து. அடித்தகட்டை நல்லதண்ணியில கழுவி, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடிக்கணும். சோம்பேறித்தனத்துல விட்டுட்டு, தரை ஓட்டையாகி, வெளிப்பாளையம் டிங்கர் அண்ணன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன் சொல்றேன்.

அரசாங்கமும் வயசைத்தான் பாக்குது. 15 வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது, 2022-ல 5000 ஆச்சு. 20 தாண்டினா 2025-லேர்ந்து 10000. புகையைச் சோதிங்க, பிரேக்கைச் சோதிங்க; தேறலைன்னா நானே உடைக்கக் குடுக்கறேன். தேறினா, ஒழுங்கா பராமரிச்சவனுக்கு எதுக்குய்யா தண்டம்?

2019-லயே ஆம்னி தயாரிப்பு நின்னுபோச்சு. இருக்கறதையாவது வாழ விடுங்க.