தண்ணீர் குடிக்கும் நேரமும் வேலை நேரமே

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் உடம்பை நம்பிப் பிழைப்பவர்கள் நாங்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் திராட்சை வெட்டுகிறோம், வாழைத்தார் சுமக்கிறோம், உரமூட்டை இறக்குகிறோம். எங்கள் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். போலீஸ் வேலைக்காக 1,500 மீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். தோட்டக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், உள்ளாட்சி மன்றங்கள், மாவட்ட நிர்வாகம் ஆகியோர் முன் இச்சாசனத்தை வைக்கிறோம்.

உச்சிப்பொழுதுக்கு மேல் எங்கள் கை ஓய்ந்தால் சோம்பல் என்கிறார்கள். உடம்பில் நடப்பது வேறு. தசையில் முக்கால் பங்கு நீர். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 லிட்டர் வியர்வை சிந்தி, அதை ஈடுகட்டாமல் விட்டால் எடையில் 2 விழுக்காடு போய்விடுகிறது. வெயிலில் கடும் வேலை என்றால் ஒரு மணி நேரத்திலேயே அவ்வளவும் வடிந்துவிடும். இரத்தத்தின் நீர் குறைகிறது. இருக்கிற இரத்தம் தசைக்கும் போகவேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போகவேண்டும். நெஞ்சு படபடக்கிறது. இழப்பு 3, 4 விழுக்காட்டைத் தொட்டால் தசை வலு ஏறத்தாழ 2 விழுக்காடு குறைகிறது. மூச்சைப் பிடித்துத் தொடர்ந்து செய்யும் கடும் உழைப்போ ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது என்று விளையாட்டு உடலியல் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணித்திருக்கிறார்கள். முதல் தாரை எவரும் தூக்கிவிடுவார். நூறாவது தாரில்தான் கால் தள்ளாடும், லாரிப் பலகையில் வழுக்கும்.

திராட்சைப் பந்தலில் நிழல் இருக்கிறதே என்பார்கள். நிழல் உண்டு, காற்று இல்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கியபடியே குலை வெட்டும் பெண்ணுக்கு வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அவள் பக்கத்திலேயே குடத்தில் தண்ணீர் இருந்தாலும் குடிக்கமாட்டாள். ஒதுங்க இடமில்லை. விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் அக்காமார்களும் அப்படித்தான், தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை கழிப்பறை. பெரிய தோட்டங்கள் தனியாகவும், சிறு தோட்டங்கள் நாலைந்து சேர்ந்தும் அமைக்கவேண்டும். ஜீப் புறப்படும் இடங்களில் உள்ளாட்சிகள் கட்டவேண்டும்.

அடுத்தது நேரம். கடும் வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்கவேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. பெட்டிக் கணக்கிலும் தார்க் கணக்கிலும் கூலி வாங்குபவர் எப்படி நிற்பார்? நின்றால் கூலி போகிறது. தண்ணீர் குடிக்கவும் இளைப்பாறவும் ஆகும் நேரத்தைக் கூலியோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நூறு நாள் வேலைக்கென 2005-இல் வந்த சட்டமே வேலைத்தளத்தில் குடிநீரும் இளைப்பாறலும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்றது. ஏரிக்கரைக்குப் பொருந்தியது திராட்சைத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது; உப்பில்லாமல் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்தே. எங்கள் பாட்டிமார் கொடுத்த நீராகாரமும் நீர்மோரும் காலை 11 மணிக்கு வேலைத்தளத்துக்கு வரட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சித்திரைக்கு முன்பே ஊருக்கு வரட்டும். சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பின் அளவைச் செவிலியர் சொல்லட்டும்.

பள்ளிகளுக்கு ஒன்று. ஓடும் பிள்ளை தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்று தடுக்கும் பழக்கத்தை விடுங்கள். கேரளப் பள்ளிகள் 2019-இலேயே தண்ணீர் குடிக்க மணி அடித்தன. விளையாட்டுத் திடலிலும் அந்த மணி கேட்கவேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடை எவ்வளவு நீர் போனது என்று காட்டிவிடும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. அதை வரவேற்கிறோம். அந்தப் பணம் எங்களில் எவர் வீட்டுக்கும் வரவேண்டிய நிலை வேண்டாம். அதைத் தவிர்ப்பதற்கான செலவு கழிப்பறையிலும் மோர்ப்பானையிலும் தொடங்கட்டும். பங்குனி பிறக்குமுன் தோட்டக்காரர்களையும் எங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மாவட்ட ஆட்சியர் கூட்டம் நடத்தவேண்டும். அந்த மேசையில் பாதி நாற்காலிகள் பெண் தொழிலாளர்களுக்கு.