கட்டிலுக்கு அடியிலிருந்து

பருவத் தேர்வுத் தாள் ஒன்றில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதிலுள்ள பிரெபொசிஷனை அடிக்கோடிடச் சொல்லியிருந்தார்கள்: 'தி பால் கேம் அவுட் ஃப்ரம் அண்டர் தி காட்.' விடைக்குறிப்பில் 'ஃப்ரம்' மட்டும் இருந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 'அவுட் ஃப்ரம் அண்டர்' மூன்றின் அடியிலும் ஒரே கோடாக இழுத்து வைத்திருந்தான். விடைக்குறிப்பைப் பார்த்தேன், தவறு என்று போட்டேன். விடைத்தாள் கட்டு போன பிறகுதான் அந்தக் கோடு மனத்தை அரிக்கத் தொடங்கியது.

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பந்து கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.' இப்போது ஆங்கிலத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். காட், அண்டர், ஃப்ரம், அவுட், கேம். கட்டில், அடியில், இருந்து, வெளியே, வந்தது. ஐந்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் அப்படியே திரும்பி நிற்கின்றன. இத்தனை வருடம் இதே மாதிரி வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்; ஒரு நாளும் வலமிருந்து இடமாகப் படித்ததில்லை.

அட்வெர்ப் ஒரு பாடம், பிரெபொசிஷன் இன்னொரு பாடம் என்று நாம் நடத்துகிறோம். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் ஓடிவிடும். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் இவை தோளில் கை போட்டுக்கொண்டுதான் வருகின்றன. 'பேக் டு தி வில்லேஜ்', 'அப் இன் தி லாஃப்ட்', 'அவே ஃப்ரம் தி ஃபயர்', 'எர்லி இன் தி மார்னிங்'. இந்தச் சேர்க்கைக்கு நம் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. இலக்கணப் பெயர் கேட்டால் சரியாகச் சொல்லும் மாணவன், பரணில் ஏணி இருக்கிறது என்று சொல்லத் திணறுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் பிரெபொசிஷன், வராவிட்டால் அட்வெர்ப் என்ற சூத்திரம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகக் காலத்திலிருந்து நமக்கு மனப்பாடம். 'கம் இன்' என்பதில் 'இன்' அட்வெர்ப். 'இன் தி ரூம்' என்பதில் அதுவே பிரெபொசிஷன். டென்மார்க் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன் இதை 1924-இல் வெளியான தம் 'இலக்கணத்தின் தத்துவம்' நூலிலேயே கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு வினைச்சொல் செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும். அதற்காக அதை இரண்டு சொல்வகை என்று நாம் பிரிப்பதில்லையே, இங்கே மட்டும் ஏன் பிரிக்கிறோம் என்பது அவர் வாதம். 2002-இல் மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய், 'அப்', 'பேக்', 'அவே' எல்லாவற்றையும் பெயர்ச்சொல் துணை இல்லாத பிரெபொசிஷன்கள் என்றே வகைப்படுத்திவிட்டது. அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று 'ரைட்' என்ற சிறு சொல். 'ரைட் இன் தி மிடில்' என்கிறோம், 'ரைட் பேக்' என்கிறோம்; 'ரைட் ஸ்லோலி' என்பதில்லை. (அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சில் 'ரைட் க்விக்' உண்டு, அதை வகுப்பில் எடுக்க வேண்டாம்.) 'பேக்' எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை அந்த 'ரைட்' காட்டிக் கொடுத்துவிடுகிறது. 'ரைட் இன் தி மிடில் ஆஃப் தி ரோட்' என்பதற்கு நம்மிடம் 'நட்ட நடுரோட்டில்' தயாராக இருக்கிறது, அதே அழுத்தத்தோடு.

தமிழ் பேசுகிறவனுக்கு யெஸ்பர்சனின் வாதம் புதிதாகத் தோன்றாது. 'மேலே போ', 'மேசைக்கு மேலே'. 'பின்னால் வா', 'வீட்டுக்குப் பின்னால்'. ஒரே சொல் தனியாகவும் நிற்கிறது, பெயரைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' உருபைச் சொல்லிவிட்டு, அந்தப் பொருளில் வருவனவாகக் கீழ், மேல், பின், முன், இடை என்று ஒரு வரிசையே தருகிறது. தேர்வுக்கு அட்வெர்ப், பிரெபொசிஷன் என்ற பழைய பெயர்கள்தான் வேண்டும். அவற்றை மாற்றச் சொல்லவில்லை. பெயர் சொல்லும் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைச் சேர்த்துப் பேசும் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்கிறேன்.

எல்லாச் சேர்க்கையும் கண்ணாடி போலத் திரும்புவதில்லை. 'ஏணி எங்கே?' என்றால் வீட்டில் என்ன பதில் வரும்? 'மேலே பரணில் இருக்கு.' ஆங்கிலத்தில் 'அப் இன் தி லாஃப்ட்'. 'வெளியே திண்ணையில்', 'கீழே கடையில்' எல்லாம் அப்படித்தான்: முதலில் திசை, அப்புறம் இடம், இரண்டு மொழியிலும் ஒரே வரிசை. தென்மாவட்டக் கிராமங்களில் 'மேற்கே தோட்டத்தில் நிற்கிறார்' என்பார்கள். அதுவும் இதே அமைப்பு. 'அப்' என்பது 'இன் தி லாஃப்ட்' என்பதை ஆளவில்லை, பக்கத்தில் நின்று கை காட்டுகிறது. 'ஃப்ரம் அண்டர் தி காட்' என்பதிலோ ஒன்று இன்னொன்றை ஆள்கிறது. ஆள்வது திரும்பும், அருகில் நிற்பது திரும்பாது. இதை எட்டாம் வகுப்புக்கே சொல்லிக் கொடுக்கலாம், பலகையில் அம்புக்குறி போட்டு.

'ஓவர்' மட்டும் தொல்லை. மேலே என்ற பொருளை மட்டும் நாம் கற்றுக்கொடுப்பதால், 'ஓவர் பை தி விண்டோ' என்று படித்த பிள்ளை ஜன்னலுக்கு மேலே எதையோ தேடுகிறது. 'அதோ ஜன்னலோரம்' என்பதில் வரும் 'அதோ' தான் இந்த 'ஓவர்'.

வரிசை பற்றி இன்னொன்று. முறை, இடம், காலம் என்று மந்திரம்போல் சொல்லிக் கொடுக்கிறோம்: 'ஷி சேட் க்வயட்லி இன் தி கார்னர் எஸ்டர்டே.' தமிழில் 'அவள் நேற்று மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்'. தலைகீழ் என்று தோன்றும். வினைச்சொல்லிலிருந்து எண்ணினால் இரண்டிலும் முறைதான் மிக அருகில், பிறகு இடம், கடைசியில் காலம். போவது, வருவது போன்ற வினைகளில் மந்திரம் தவறுகிறது என்று ஆசிரியர்கள் குறைபடுவார்கள், ஏனென்றால் 'ஹி வென்ட் டு மதுரை பை பஸ் எஸ்டர்டே' என்பதில் இடம் முந்திக்கொள்கிறது. தமிழிலும் 'நேற்று பஸ்ஸில் மதுரைக்குப் போனார்' என்பதே இயல்பு. மதுரை வினையை ஒட்டியே நிற்கிறது. விதிவிலக்கும் சேர்ந்து திரும்புகிறது.

பிழைகளில் தீராதது 'கோ டு ஹோம்'. வீட்டுக்கு என்பதிலுள்ள 'கு' கையை இழுக்கிறது. 'வெளியேவுக்குப் போ' என்று யாராவது சொல்வோமா என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'ஹோம்', 'அப்ஸ்டேர்ஸ்', 'அப்ராட்', 'தேர்' எல்லாம் இந்த 'வெளியே' போன்றவை. 'டு' சேராது, 'ஃப்ரம்' சேரும்; 'வெளியேயிருந்து' என்று நாமும் சொல்கிறோமே.

எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'இன்' தனி, 'டு' தனி என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்டு' என்று சேர்த்துவிட்டால், போலீசில் சரணடைந்த திருடன் போலீசாகவே மாறிவிடுவான். 'டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன்' வரை ஒரு செயல். 'டு தி போலீஸ்' யாரிடம் என்று சொல்கிறது. நடுவிலுள்ள இடைவெளி அவனைத் திருடனாகவே காப்பாற்றுகிறது.

நாம் கவனிக்காமல் விடுவது ஓசை. 'ரன் அவுட் ஆஃப்', 'லுக் அப் டு', 'கெட் அவே வித்' போன்றவற்றில் நடுச்சொல்லுக்கே அழுத்தம். கடைசிச் சொல், குறிப்பாக 'ஆஃப்', 'டு' போன்றவை, தேய்ந்து காதில் விழாத அளவுக்குப் போய்விடும். நாம் மூன்றையும் சம எடையில் உச்சரித்துப் பழக்குவதால், ஆங்கிலச் செய்தி கேட்கும்போது பிள்ளைகளுக்கு நடுச்சொல் மட்டும் கேட்கிறது, மற்றது காற்றில் போகிறது. சொல்வதெழுதுதலில் நான் இப்போது 'வி ரேன் அவுட் ஆஃப் சாக்' என்பதை ஆங்கிலேயர் வேகத்திலேயே படிக்கிறேன். பாதிப் பேர் 'அவுட் அ சாக்' என்று எழுதித் தருகிறார்கள். முதல் நாள் அதற்குச் சிவப்பு மை போடுவதில்லை. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த 'அ' என்ன சொல் என்று மறுநாள் சேர்ந்து தேடுகிறோம்.