பாவித்த கார்: புத்தகத்தில் யாருடைய பெயர்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த கார் ஒரு முதலீடாகவே மாறிவிட்டது. இறக்குமதி தொடங்கிய பின்னரும், வரிச்சுமையால் புதிய கார் பலருக்கு எட்டவில்லை.

வேகத்தை விரும்பும் இளைஞர்கள் தேடும் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 2017இல் ஜப்பானில் வெளிவந்த மாதிரிக்கு 1.4 லீற்றர் டேர்போ இயந்திரம், 140 குதிரைவலு. எடை 970 கிலோ மட்டுமே. இப்படியான காரை முன்னையவர் மெதுவாக ஓடியிருப்பார் என்று நம்பமுடியாது. கிளட்ச்சையும் டேர்போவையும் மெக்கானிக் பார்ப்பார். பதிவுப் புத்தகத்தை யார் பார்ப்பது?

லீசிங் முடியும்வரை காரின் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. விற்றவர் தவணை கட்டாவிட்டால், வாங்கியவரின் வாசலிலிருந்துதான் கார் இழுத்துச் செல்லப்படும். 'ஓப்பின் பேப்பரில்' கைமாறினால் சிக்கல் இருபக்கமும் உண்டு: விபத்து நடந்தால் பொலிஸார் பதிவிலுள்ளவரைத் தேடுவார்கள், பணம் கொடுத்தவரிடமோ உரிமைக்கு ஆதாரம் இல்லை.

2009இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்கள் வாகனங்களையும் பத்திரங்களையும் விட்டுவந்தார்கள். தன் பொருளைத் தனது என்று நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லாத நிலை எமக்குப் புதிதல்ல. அன்று யுத்தம் பறித்தது. இன்று அதே நிலையை நாமே காசு கொடுத்து வாங்கக்கூடாது. முற்பணம் கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைச் சரிபாருங்கள். வாங்கியதும் பெயரை மாற்றுங்கள்.