ஊசல் கல்லும் ஊசிய வாதங்களும்

கூம்பாகக் கடைந்து, மெருகேற்றி, மெல்லிய சங்கிலியில் கோத்த நீலக் கல் ஒன்று அண்மைக் காலமாக நம் படிப்பறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. லாபிஸ் லாசுலி என்பது அதன் பெயர். ‘இயற்கைக் கல் சேகரிப்பாளர்களுக்கான மெருகூட்டிய ஊசல்’ என்று சொல்லி விற்கிறார்கள். நல்ல கவிதையையும் போலிக் கவிதையையும் நான்கே வரியில் பிரித்தறியும் நண்பர்கள் சிலர், எந்த நூலை அடுத்து வாசிப்பது, எந்த மருத்துவரிடம் செல்வது என்பதை இந்தக் கல்லைத் தொங்கவிட்டுக் கேட்கிறார்கள். ஏன் என்று வினவினால் ‘வெறும் விளையாட்டு’ என்கிறார்கள். சற்று நெருக்கினால் ‘அறிவியலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா?’ என்கிறார்கள். இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று அழிப்பவை. விளையாட்டென்றால் அறிவியலை வம்புக்கு இழுக்க வேண்டியதில்லை. அறிவியலோடு வழக்காட வந்தால் அது விளையாட்டில்லை.

ஊசல் நமக்குப் புதிய சொல்லன்று. சிலம்பின் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி உண்டு. பிற்காலத்தில் அது தனிச் சிற்றிலக்கியமாகவே வளர்ந்தது. பள்ளி இயற்பியல் நூலில் தனி ஊசல் இருக்கிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டும் கயிற்றில் தொங்குவதே. சுவர் நேராக எழும்பியிருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விக்கு மட்டும் அது விடை சொல்லும், யார் கையில் பிடித்தாலும் ஒரே விடையைச் சொல்லும். கெட்டுப்போன சோற்றுக்கும் தமிழில் ஊசல் என்றே பெயர் என்பதை இங்கே நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம்.

முதலில் ‘சேகரிப்பாளர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கனிமம் சேகரிப்பவர் எவரையேனும் அறிந்தவர்களுக்கு அவர் கல்லைவிட அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டையே முதலில் பார்ப்பார் என்பது தெரியும். எந்தச் சுரங்கம், எந்தப் பள்ளத்தாக்கு, எந்தத் தாய்ப்பாறை என்ற விவரம் இல்லாத மாதிரி அவருக்குப் பாதி மாதிரிதான். ஆப்கானிஸ்தானின் சர்-எ-சங் சுரங்கத்தில் வெண்பளிங்கின் மேல் பன்னிரு முகப் படிகமாக லாசுரைட் அமர்ந்திருக்கும் துண்டைப் பெறச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். ஊசல் செய்பவர் என்ன செய்கிறார்? தாய்ப்பாறையை வெட்டி எறிகிறார். படிக முகம் இருந்தால் அரைத்துவிடுகிறார். துளையிட்டு உலோகக் கொக்கியை ஒட்டுகிறார். இடப்பெயர்ச் சீட்டைத் தொலைத்துவிடுகிறார். சேகரிப்பாளர் தேடும் அனைத்தையும் நீக்கிவிட்டு எஞ்சியதைச் சேகரிப்பாளருக்கென்றே விற்பது நல்ல வேடிக்கை. ஓலைச்சுவடியைக் கத்தரித்து விசிறி செய்து, ‘சுவடியியல் ஆய்வாளர்களுக்கு’ என்று விற்றால் நாம் சும்மா இருப்போமா?

அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்பது குறித்து நமக்கு ஓர் ஐயம் உண்டு. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றை நோய் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. ‘சேகரிப்புப் பொருள்’ என்று முன்பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, தொண்டைச் சக்கரம், நோயறிதல், எதிர்மறை ஆற்றல் நீக்கம் முதலியவற்றைச் செவிவழிச் செய்தியாக உலவவிடுவது வசதியான ஏற்பாடு.

‘இயற்கை’ என்ற சொல்லின் நிலையும் இதுதான். லாபிஸ் லாசுலி தனிக் கனிமமே அன்று. லாசுரைட், கால்சைட், பைரைட் முதலியவை கலந்த பாறை. பொற்பொடி தூவியது போல் மின்னுவது பைரைட், வெண்கீற்று கால்சைட். அந்த ஆழ்ந்த நீலத்துக்குக் காரணம் படிகக் கூட்டுக்குள் சிறைப்பட்ட கந்தக அயனி, மூன்று கந்தக அணுக்கள் இணைந்தது. சந்தையில் இதே பெயரில் சாயமேற்றிய ஹௌலைட் கிடைக்கும். சாயமேற்றிய ஜாஸ்பர் ‘ஜெர்மன் லாபிஸ்’ என்ற பெயரோடு கிடைக்கும். சோடலைட்டும் லாபிஸாக வேடமிடும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் மலிவான சாயம் பஞ்சில் ஏறிவிடும். மெருகற்ற பீங்கானில் உரசினால் லாபிஸ் இளநீலக் கோடிடும், சோடலைட் வெண்கோடிடும். நீல அகேட் என்று விற்பதில் பெரும்பகுதி ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே கைவரப்பெற்ற சாயத்தொழிலின் வாரிசு. இரும்பு உப்பையும் ஃபெர்ரோசயனைடையும் கல்லின் நுண்துளைகளில் ஊறவைத்து உள்ளேயே பிரஷ்ய நீலத்தை உண்டாக்குவார்கள். சாயத்தொழிலின் மேல் நமக்குப் பகையில்லை. அதற்கு ‘இயற்கை’ என்று பெயரிடுவதையே மறுக்கிறோம்.

இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது வைரத்தின் குற்றங்களை எண்ணிச் சொல்கிறார். வேறு சில மணிகளையும் அவற்றின் குற்றம் நீங்கியமை கூறியே நிறுத்துகிறார். மணியைப் பற்றிப் பேசுவதென்றால் அதன் குறையையும் சேர்த்துப் பேசுவது என்பது அன்றைய வணிக ஒழுக்கம் என்று கொள்ளலாம். இன்றைய விளம்பரத்தில் குற்றம் என்ற சொல்லையே காணோம்.

நீலத்துக்கு ஆற்றல் உண்டென்று வாதிடுவோரிடம் ஒரு கேள்வி. ஐரோப்பிய ஓவியர்கள் லாபிஸைப் பொடித்து எடுத்த அல்ட்ராமரின் நிறம் பொன்னுக்கு நிகராக விலைபோனது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்குப் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824இல் 6,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. 1828இல் ழான்-பாப்திஸ்த் கிமே அதைப் பெற்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றை உலையிலிட்டு அதே நீலத்தை டன் கணக்கில் ஆக்கத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடி அதுதான். கல்லில் இருக்கும் அதே கந்தக அயனிதான் அந்தப் பொடியிலும் நீலம் காட்டியது. நிறத்தால் ஞானம் சுரக்குமென்றால் நம் சலவைத் தொழிலாளர்கள் அல்லவா நாட்டின் தலைசிறந்த ஞானிகளாயிருக்க வேண்டும்?

இனி ஊசல் ஆடுவது பற்றி. ஆடுகிறது என்பதில் ஐயமே இல்லை. ஆட்டுபவர் யார் என்பதே வினா; அதற்கு விடை கிடைத்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பாதரசக் கிண்ணத்தின் மேல் நூலில் தொங்கும் இரும்பு வளையம் தானாக ஆடுகிறது என்ற செய்தியைக் கேட்டார், தாமே பிடித்துப் பார்த்தார், ஆடிற்று. பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அவர் நிற்கவில்லை. வளையத்துக்கும் பாதரசத்துக்கும் இடையே கண்ணாடித் தகட்டைச் செருகினார், ஆட்டம் அடங்கியது. பாதரசத்திலிருந்து ஏதோ ஆற்றல் வருவதாகவும் கண்ணாடி அதைத் தடுப்பதாகவும் முடிவுகட்டியிருக்கலாம். மாறாக, கைக்கு முட்டுக் கொடுத்தார். முட்டு தோளருகே இருந்தபோது நன்றாக ஆடிய வளையம், முட்டு விரல்களை நெருங்க நெருங்கத் தளர்ந்து ஓய்ந்தது. கடைசியாகத் தம் கண்களைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியை எப்போது செருகுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், ஆட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இருந்த தொடர்பு அற்றுப்போயிற்று. இதையெல்லாம் 1833இல் ஆம்பியருக்கு எழுதிய திறந்த மடலில் விரிவாகப் பதிவு செய்தார். தாம் எதிர்பார்த்ததைத் தம் விரல் நரம்புகள் தம்மை அறியாமலே நிறைவேற்றின என்பதே அவர் கண்டது. 1852இல் வில்லியம் கார்ப்பென்டர் இதற்கு ஐடியோமோட்டர் என்று பெயரிட்டார். கருத்தால் இயங்கும் தசையசைவு என்று தமிழில் சொல்லலாம்.

இந்த ஷெவ்ரல் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவை நடத்தியவர். நிறங்கள் அருகருகே அமையும்போது ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்று 1839இல் பெருநூல் எழுதியவர். நீலத்தை அவர் அளவுக்கு அறிந்தோர் அக்காலத்தில் மிகக் குறைவு. ‘அறிவியலாளருக்கு அழகு தெரியாது’ என்று எளிதாகச் சொல்லிவிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசலிடம் கேட்பவர் தம்மிடமே கேட்டுக்கொள்கிறார் என்றால் அதில் தீங்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். தன் மனம் விரும்பும் விடையைக் கல்லின் வாயால் கேட்டுக்கொண்டு பொறுப்பைக் கல்லின் மேல் ஏற்றிவிடுவதுதான் தீங்கு. ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்க நம் சிற்றூர்களில் தேங்காயும் வேப்பங்கவையும் சுழல்கின்றன. தண்ணீர் கிடைக்காவிட்டால் கடன் உழவரின் தலையில். தேங்காய் பிடித்தவர் கூலியோடு போய்விடுகிறார். இன்னும் பெரிய களத்தில் இதே தசையசைவு என்ன செய்தது என்பதற்கு ஈராக் சான்று. ஏடிஇ 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டறியும் கருவி ஒன்றை ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் அந்நாட்டுக்கு விற்றார். கைப்பிடியில் சுழலும் ஆண்டெனா; உள்ளே இயங்கும் மின்னணு எதுவும் இல்லை. பிடித்தவரின் மணிக்கட்டே அதைத் திருப்பியது. பாக்தாத்தின் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். குண்டுகள் நகருக்குள் சென்று வெடித்தன. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேசை மேலிருக்கும் கல்லும் அந்தக் கருவியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கல் எங்கிருந்து வருகிறது என்பதை விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. சிலியிலும் பைக்கால் ஏரிப் பகுதியிலும் லாபிஸ் உண்டு. ஆயினும் சிறந்தது ஆறாயிரம் ஆண்டுகளாகப் படாக்‌ஷானின் கோக்சா பள்ளத்தாக்கிலிருந்தே வருகிறது. ஊர் நகரத்து அரச கல்லறைகளுக்கும் துத்தன்காமுனின் முகமூடிக்கும் அந்தக் கல்லே சென்றது. அதற்காகவே சிந்துவெளி மக்கள் ஆமு நதியருகே ஷோர்துகாயில் குடியிருப்பு அமைத்தார்கள் என்பது தொல்லியலார் பலரின் கருத்து. இத்தனை நீண்ட வரலாற்றைக் கவிதையாக்க நம்மவர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அண்மைய வரலாறோ கவிதைக்கு இடம் கொடுப்பதாயில்லை. 2014இல் அச்சுரங்கங்கள் ஆயுதக் குழுவொன்றின் கையில் விழுந்தன. அந்த மாவட்டத்தின் இரு சுரங்கப் பகுதிகளிலிருந்து அவ்வோராண்டில் மட்டும் ஆயுதக் குழுக்களுக்கும் தாலிபான்களுக்கும் சுமார் 2 கோடி டாலர் சென்றதாகக் குளோபல் விட்னஸ் அமைப்பு 2016இல் கணக்கிட்டது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் நாட்டையே கைப்பற்றினார்கள். ‘அமைதியின் கல்’ என்று எழுதி விற்பவர்கள் இந்தக் கணக்கையும் அருகில் எழுதுவார்களா?

நமக்கு இதைவிடக் கிட்டத்தில் இருப்பது குஜராத்தின் கம்பாத். ஊசல், மந்திரக்கோல், சக்கரத் தொகுப்பு என்று ‘நலமளிக்கும் கற்கள்’ உலகெங்கும் ஏற்றுமதியாகும் ஊர்களில் அது முதன்மையானது. ஹரப்பா மணிகளை எப்படிச் செய்தார்கள் என்று அறியத் தொல்லியலார் இவ்வூர்க் கைவினைஞர்களிடமே வந்து பாடம் கேட்டார்கள். இரும்பு முளையின் நுனியில் கல்லை வைத்துக் கொம்புத் தலைச் சுத்தியால் தட்டிச் செதுக்கும் அந்தக் கை நுட்பம் நாலாயிரம் ஆண்டுப் பழமையின் எச்சம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கும் குஜராத் கல்லுக்கும் உறவுண்டு என்பதால், பதிற்றுப்பத்து புகழும் கொடுமணத்து அணிகலன்களைப் பாடம் நடத்தும் நாம் கம்பாத்துக்குக் கடன்பட்டவர்கள்.

அங்கே அரைக்கப்படுவது பெரும்பாலும் அகேட், அதாவது சிலிக்கா. மின்சக்கரத்தில் உலர்வாக அரைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்நோய்க்கு மருந்தில்லை. காசநோய் என்று தவறாகக் கணித்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. தொழில் நடப்பது பெரிதும் வீட்டு முற்றங்களில், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு; ஆகவே அரைப்பவரின் குழந்தைகளும் அண்டை வீட்டாரும் அதே காற்றைத்தான் உள்ளிழுக்கிறார்கள். ஆலைப் பதிவேடு இல்லாததால் இழப்பீடு கேட்க முதலாளி யாரென்று காட்டுவதே அரிது. மூச்சுப்பயிற்சியின்போது நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லும் கல், மூச்சுவிட முடியாதவர் ஒருவரின் கையிலிருந்து வந்திருக்கக்கூடும்.

‘அப்படியானால் வாங்காமலிருந்தால் அந்தத் தொழிலாளி பட்டினி கிடக்க மாட்டாரா?’ என்று கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லை விலக்கச் சொல்லி நாம் கொடி பிடிக்கவில்லை. கல் அழகானது; அழகுக்காக வாங்குவோர் வாங்கட்டும். நீர் விட்டு அரைத்தால் தூசி வெகுவாக அடங்கும். ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அகேட் அரைப்போருக்கென்றே தூசி தடுக்கும் கருவியை வடிவமைத்திருக்கிறது. அதைப் பொருத்தும் செலவைத் துண்டுக்கூலி வாங்குபவர் ஏற்க முடியாது. ஏற்றுமதி செய்பவரும் அவரிடம் வாங்கி விற்பவரும்தான் ஏற்க வேண்டும். வாங்குபவர் கேட்காதவரை அவர்கள் ஏற்கப்போவதுமில்லை. ஊசலைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்கும் நண்பர்கள், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: இது எந்தச் சுரங்கத்துக் கல், சாயமேற்றியதா, எந்த ஊரில் யார் எப்படி அரைத்தார்கள்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கொண்டுவருபவர் எழுதும் கட்டுரையை இதே பக்கத்தில் வெளியிட ஆயத்தமாக இருக்கிறோம்.