வேகத்துக்கு ஓர் இடம் உண்டு, அது ஈசிஆர் அல்ல

பேரனுக்கு இரண்டரை லட்ச ரூபாயில் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, "தினமும் பார்த்துப் போடான்னு சொல்லித்தான் அனுப்புறேன்" என்கிறார் ஒரு நண்பர். என் வயதுக்காரர், விவரம் தெரிந்தவர். பார்த்துப் போ என்பது அக்கறை; அது பயிற்சி ஆகாது. மணிக்கு 130, 140 கிலோமீட்டர் போகிற வண்டியை 18 வயதுப் பையனிடம் கொடுக்கிறோமே, அந்த வேகத்திலிருந்து எப்படி நிறுத்துவது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? லைசென்ஸுக்காக 'எட்டு' போட்டுக் காட்டினானே, அதோடு அவன் படிப்பு முடிந்தது.

மீதியை அவன் ஈசிஆரில் படிக்கிறான். முத்தியால்பேட்டை தாண்டிக் காலாப்பட்டு வரை ஞாயிறு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மாடு குறுக்கே வரும், மீன்கூடை வைத்த வண்டி திரும்பும், எதிர்த்திசையில் ஒருவர் சாவகாசமாக வருவார், ஓரத்தில் நம்மைப் போன்றவர்கள் நடந்துகொண்டிருப்போம். நடுவில் பையன்கள் பறக்கிறார்கள். தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போட இது சிலேட்டுக் கணக்கா?

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இதை 1903-லேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த மே 24-ஆம் தேதி பாரீஸ்–மத்ரீத் பந்தயம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் வெர்சாயிலிருந்து புறப்பட்டன. எல்லாம் பொதுச்சாலை. புழுதியில் முன்னால் போவது தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சாலையிலேயே நின்றது. ஓட்டியவர்களும் செத்தார்கள், பார்த்தவர்களும் செத்தார்கள். ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில்தான் போனார். போர்தோவிலேயே அரசாங்கம் பந்தயத்தை நிறுத்தி, வண்டிகளை ரயிலேற்றித் திருப்பி அனுப்பியது. நான்கே ஆண்டில், 1907-ல், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மோட்டார் பந்தயத்துக்கென்றே தனித் தடம் கட்டிவிட்டார்கள். ஆசையை யாரும் தடை செய்யவில்லை. அதற்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

நம் பக்கத்திலும் இடம் இல்லாமல் இல்லை. சோழவரம் ரேஸ் பலருக்கு நினைவிருக்கும்; உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. பந்தயம் ஓடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் அங்கே வகுப்பு நடத்துகிறார்கள்.

அங்கே என்ன கிடைக்கிறது? எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். மாடு வராது. மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் நிற்கும். முழு ஹெல்மெட்டும் தோல் உடையும் இல்லாமல் பைக்கை இறக்க விடமாட்டார்கள். ஆனால் நான் பெரிதாக நினைப்பது பாடத்தைத்தான். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடிக்க வேண்டும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவான். நம் காலத்தில் "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே" என்று பயமுறுத்துவார்கள். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். அதைப் பழக ஆளில்லாத இடம் வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. 80-ல் போகிறவன் ஒரு விநாடி திகைத்தால், பிரேக்கில் கை வைப்பதற்குள் 22 மீட்டர் கடந்திருப்பான். இதைக் கரும்பலகையில் போட்டால் எந்தப் பையனுக்கும் ஏறாது. தடத்தில் நிறுத்திப் பார்த்தால், இங்கே நிற்கும் என்று அவன் நினைத்த இடத்தை வண்டி தாண்டிப் போகும்போது தானே ஏறும்.

"அங்கே மட்டும் சாவு இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையிலேயே 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அதை நான் மறைக்கவில்லை. குழந்தைகளைப் பந்தயத்தில் இறக்குவது எனக்கு உடன்பாடும் இல்லை. நான் கேட்பது பந்தயம் அல்ல, வளர்ந்த பையனுக்குப் பயிற்சி. "தடத்தில் ஓட்டினால் ரோட்டிலும் பறப்பானே" என்பது இன்னொரு கேள்வி. ஒரு சிலர் பறப்பார்கள்தான். அவர்கள் பயிற்சி இல்லாமலேயே இப்போது பறந்துகொண்டிருக்கிறார்கள்.

"பணக்காரன் விளையாட்டு" என்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவே அதிர வேறொன்று மாட்டப் பல ஆயிரம் கொடுக்கிறார்களே, அப்போது இந்தப் பேச்சு வருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு சாலையில் பந்தயம் கூடாது என்கிறது. 18 நிரம்பாத பையன் குற்றம் செய்தால் 2019 திருத்தப்படி பெற்றோருக்கே சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தடுக்கச் சட்டம் இருக்கிறது, கற்றுக்கொடுக்கத் திட்டம் இல்லை.

கேட்பது பெரிதல்ல. புதுச்சேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய மூன்று மணி நேரம். மாதம் ஒரு பஸ், நாற்பது பையன்கள், பாதிக் கட்டணம் அரசு, பாதி அப்பா. செலவினத் தலைப்பு இல்லை என்று ஃபைல் திரும்பி வரும், எனக்குத் தெரியாதா? வரட்டும். மறுபடி எழுதி அனுப்ப ஆள் வேண்டுமென்றால் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.