திருகோணமலையும் அயல்நாட்டின் அச்சமும்

1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. கொழும்பின் அனுமதி பெறப்படவில்லை. ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறைமை மீறல் என்று கண்டித்தது. எந்த வல்லரசும் துணைக்கு வரவில்லை. எட்டு வாரங்களுக்குள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவமும் பயன்படுத்த இடமளிப்பதில்லை என்பது அப்போது பரிமாறப்பட்ட கடிதங்களின் வாசகம்.

மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்த வாக்குத்தான். ஆனாலும் அதன் சாரம் நமக்கும் நல்லது. பிரித்தானியத் தளமாக இருந்ததாலேயே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தில் குண்டு வீசின. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐ.நா.வில் எழுப்பிய குரல், சிறிய நாடொன்றின் மிகத் துணிச்சலான பாதுகாப்புக் கொள்கை. அதைப் பின்வந்தவர்கள் கைவிட்டது பெரும் இழப்பு.

அயலவரின் நியாயமான அச்சத்தைப் போக்குவது வேறு, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு. திருகோணமலைச் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் 61ஐ இந்தியாவுடன் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. இத்தகைய உடன்படிக்கைகள் கைச்சாத்தாகும் முன்பே முழுமையாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கொட்டியாரக் குடாவில் வலை வீசும் கிண்ணியா, மூதூர் மீனவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும்.