ஒரு வேளை மருந்தும் பல நாள் மருந்தும்

"குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏன் எழுதித் தரவில்லை?" உதட்டுப் பிளவு சீரமைக்கப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தையல் பிரிந்துவிடுமோ, சீழ் பிடிக்குமோ என்னும் அச்சம் இயல்பானதே. ஆயினும், பல நாள் மருந்து தருவதே பாதுகாப்பு என்னும் எண்ணத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை.

தடுப்பு மருந்து, கத்தி தோலைத் தொடும் வேளையில் இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே, கீறலுக்குச் சற்று முன்பே அது நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. அறுவை அரங்கினுள் நிகழ்வதைப் பெற்றோர் காண்பதில்லை. அதனால் மருந்தே தரப்படவில்லை என எண்ணிவிடுகின்றனர். அறுவை முடிந்த பின்னர்த் தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பொதுப் பரிந்துரை.

அண்ணப் பிளவின் நிலை சற்று வேறு. அங்குள்ள தையலை உமிழ்நீரும் உணவும் ஓயாமல் நனைக்கின்றன. தையல் விட்டுத் துளை விழுந்தால் பால் மூக்கு வழியே வரும், பேச்சு தெளிவிழக்கும், மறு அறுவையும் தேவைப்படலாம். குவஹாத்தியில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், அண்ண அறுவைக்குப் பின் 5 நாள் அமாக்ஸிசிலின் பெற்றவர்களிடம் இத்துளைகள் குறைவாகக் காணப்பட்டன. எனவே உதட்டுக்கு ஒரு முடிவும் அண்ணத்துக்கு வேறொரு முடிவும் எடுக்கப்படுவது முரண்பாடு அன்று.

தேவையற்ற இடத்தில் மட்டும் ஏன் இத்தனை சிக்கனம்? பிளவுடன் பிறந்த குழந்தையின் சிகிச்சைப் பயணம் நெடியது. சில மாதங்களில் உதடு, ஒரு வயதையொட்டி அண்ணம், பின்னர் ஈறில் எலும்பு ஒட்டு. இடையிடையே காதுச் சீழ். மருந்து பலனளிக்க வேண்டிய தேவை இக்குழந்தைகளுக்கே மிகுதி. மருந்துக்கு அடங்காத கிருமிகள் எங்கோ தொலைவில் இல்லை. என்.டி.எம்.-1 கிருமிகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இடம்பெற்றன. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி வகுத்த செயல்திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்றே நம் நகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. எந்த மருந்து, எப்போது, எதற்காகத் தரப்பட்டது என்பதை வீடு திரும்பும்போது தரும் அறிக்கையில் எழுதி, வாய்மொழியாகவும் விளக்க வேண்டும். விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் அச்சம் வளர்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாற்றிலோ, சீட்டின்றி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அண்ணனுக்கு வாங்கி மீந்த சிரப்பைத் தம்பிக்குப் புகட்டாதீர்கள். மருத்துவர் 5 நாள் எழுதியிருந்தால் 5 நாளும் கொடுங்கள். காய்ச்சல், இரத்தக் கசிவு, துர்நாற்றம், தையல் விலகல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் மருந்துக்கடைக்குச் செல்லாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.